வைத்தியர் நெஞ்சின் நோவு

திருகோணமலையைப் பற்றிப் பேச வந்தோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் ஆழத்தையே முதலிற் பேசுவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக அதன்மேற் கண் வைத்த கதை நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். கோணேசர் கோயிலையும், சுவாமி மலையையும், கன்னியா வெந்நீரூற்றுகளையும் பற்றிக் கேட்க விரும்புவோர்க்கு வேறு பேச்சுகள் உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் வேறானது. அத்துறைமுகத்துக்கும், அதற்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரைக்கும், 2009ஆம் ஆண்டின் முதற் பாதியிற் கப்பலேறி வந்து சேர்ந்த நோயாளரையும், அவர்களைக் கப்பலேற்றிய வைத்தியரையும், இறக்கி ஏற்றுக்கொண்ட வைத்தியரையும் தாதியரையும் பற்றியது. சரியாகச் சொல்வதானால், அவர்களின் கைகளைப் பற்றியதன்று, நெஞ்சைப் பற்றியது.

வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தின் முடிவில், வைத்தியம் நான்கு உறுப்புகளை உடையது என்கின்றார். நோயுற்றவன் ஒருவன், அதனைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிலிருந்து அதனை இயற்றிக் கொடுப்பவன் ஒருவன். இந்நான்கும் கூடினாலன்றி வைத்தியம் இல்லை. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனின், வைத்தியனும் பணியாளனும் தம்மளவில் நிறைவானவர் அல்லர் என்பதே. மருந்து வராவிட்டால், அல்லது நோயாளியை அணுக வழியில்லாவிட்டால், கற்ற கல்வியெல்லாம் கைக்குள்ளேயே கிடக்கும். அப்பொழுது நோயாளிக்கு நேர்வது யாது என்பது எல்லார்க்கும் தெரியும். வைத்தியனுக்கு நேர்வது யாது? அதனை நெடுங்காலமாக ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் அமெரிக்காவில் தாதியர்க்கு ஒழுக்கவியல் கற்பித்த ஒரு தத்துவ ஆசிரியர். அன்ட்ரூ ஜேமெற்றன் என்பது அவர் பெயர். 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், தாதியர் தம்மிடம் வந்து சொன்ன துன்பங்களை மூன்றாக வகுத்தார். எது சரி என்று தெரியாமல் தடுமாறுவது ஒன்று. இரண்டு கடமைகள் எதிரெதிரே நின்று, ஒன்றைக் கொண்டால் மற்றதை இழக்கவேண்டி வருவது மற்றொன்று. மூன்றாவது இவற்றினும் வேறு. செய்யத்தக்கது இன்னதென்று ஐயமின்றித் தெரியும். ஆனால் நிறுவனத்தின் ஒழுங்கோ, மேலிடத்தின் கட்டளையோ, வசதியின்மையோ அதனைச் செய்யவிடாது தடுக்கும். இம்மூன்றாவதற்கு அவர் இட்ட பெயர் ‘மோறல் டிஸ்ரெஸ்’ என்பது. இந்தப் பேச்சளவில் நாம் அதனை அறநோவு என்று வைத்துக்கொள்வோம்.

அறநோவு என்பது களைப்பன்று. இரவுக் கடமை முடித்து வரும் தாதிக்கு உறக்கம் களைப்பைத் தீர்க்கும், இதனைத் தீர்க்காது. இரக்கமும் அன்று. நோயாளி படும் பாட்டைக் கண்டு உருகுவது இரக்கம். அப்பாட்டில் தனக்கும் ஒரு பங்கு உண்டோ என்று தன்னையே கேட்டுக்கொள்வது அறநோவு. ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் விளங்கும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இம்மாவட்டத்துக் கிண்ணியா வைத்தியசாலை அழிந்துபோயிற்று. அங்குப் பணிபுரிந்தோர் அடைந்த துயர் சொல்லுந்தரமன்று. ஆயினும் அந்தக் கடலிடம் நீதி கேட்க முடியாது; கடல் ஒருவர்க்கும் அனுமதி மறுக்கவுமில்லை, கடிதம் எழுதவுமில்லை. அத்துயரை மனிதர் ஒருவரோடொருவர் பகிர்ந்து ஆற்றிக்கொண்டனர். மனிதரால் வந்த தடை அப்படி ஆறுவதில்லை.

இனி 2009ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் வன்னிப் போர் முல்லைத்தீவு மாவட்டத்தின் கிழக்குக் கரையை நோக்கி ஒடுங்கிவந்தது. பல்லாயிரக்கணக்கான குடிமக்கள் இரு படைகளுக்கும் இடையே ஒரு சிறு நிலத்துண்டில் அகப்பட்டனர். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணைக்கு இலக்காகியதால், பெப்ரவரி முதல் வாரத்தில் நோயாளரும் பணியாளரும் அதைவிட்டு வெளியேறிப் புதுமாத்தளன் கரையை அடைந்தனர். அங்கே வைத்தியசாலை என்று ஒன்று இல்லை. இருந்த கட்டடங்களே வைத்தியசாலை ஆயின. மர நிழலும் தரப்பாள் கூடாரமும் விடுதிகள் ஆயின.

அங்கு நின்று பணிபுரிந்த வைத்தியர் ஒரு சிலரே. அவர்களுள் கிளிநொச்சி மாவட்டச் சுகாதார சேவைகள் பணிப்பாளராயிருந்த தங்கமுத்து சத்தியமூர்த்தி அவர்களும், முல்லைத்தீவு மாவட்டத்துக்கு அதே பதவியிலிருந்த துரைராஜா வரதராஜா அவர்களும் வெளியுலகுக்குப் பெயர் தெரிந்தவர்கள். இவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ்க் கடமை; விடுதலைப் புலிகளின் துப்பாக்கி நிழலிலே வாசம். ஒருவன் இரண்டு எசமானருக்கு ஊழியஞ் செய்வது அரிது என்பார்கள். இவர்களோ மூன்றாவது ஓர் எசமானரையும் தெரிந்துகொண்டிருந்தனர்; அவர் தரையிற் கிடந்த நோயாளி.

தரைவழி அடைபட்டதனால், சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல்வழியைத் திறந்தது. பெப்ரவரி 10ஆம் நாள் 240இற்கு மேற்பட்ட நோயாளர் புதுமாத்தளனிலிருந்து கப்பலேற்றப்பட்டுத் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதன் பின்னர் ‘கிறீன் ஓஷன்’ என்னும் கப்பல் பல தடவை சென்று வந்தது. அக்கரையில் இறங்குதுறை கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்க, மீன்பிடி வள்ளங்களிலே நோயாளரை ஏற்றி, அலையில் ஆடிக்கொண்டு சென்று, கப்பலில் தூக்கிவிட வேண்டும். கால் இழந்தவரையும், வயிற்றிற் காயம்பட்டவரையும், பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கியவரையும் அவ்வாறே ஏற்றினர். மே மாதம் 9ஆம் நாள் கடைசிக் கப்பல் சென்று திரும்பும்வரை, நோயாளரும் உடன்சென்ற உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேர் இவ்வாறு கடல் கடந்தனர். செஞ்சிலுவைக் குழுவின் ஊழியர் மூவர் அவ்வன்னி நிலத்தில் உயிரிழந்தனர்.

ஒரு தடவைக்குச் சில நூறு பேரே கப்பலிற் செல்லலாம். கரையிற் கிடந்தோர் அதனினும் பலர். யாரை அனுப்புவது? மிகக் கொடிய காயமுற்றவரை அனுப்பினால் வழியிலேயே இறக்கவும் கூடும். பிழைக்கக்கூடியவரை அனுப்பினால் மற்றவர் கரையிலேயே முடிவர். நெப்போலியனின் படைவைத்தியர் லறே என்பார் இருநூறாண்டுகளுக்கு முன்னரே இதற்கு ஒரு வழி வகுத்தார். பதவியையும் இனத்தையும் பாராது காயத்தின் தன்மையையே பார்த்து வரிசைப்படுத்துக என்பது அது. இன்று உலகெங்கும் அவசர சிகிச்சையில் இதுவே நெறி. இவ்வரிசைப்படுத்தல் கொடியதுதான், எனினும் இதனை நான் அறநோவு என்று சொல்லமாட்டேன். ஜேமெற்றன் சொன்ன இரண்டாம் வகை இது. இதற்கு ஒரு நெறி உண்டு. அந்நெறியின்படி நடந்தவர், அழுதுகொண்டேனும், தாம் செய்தது சரி என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம்.

அறநோவு இருந்த இடம் வேறு. மார்ச் மாத நடுப்பகுதியில், மேற்சொன்ன வைத்தியர் இருவரும் சுகாதார அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினர். நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தும், மயக்க மருந்தும், நரம்புவழி ஏற்றும் திரவமும் தமக்கு அனுப்பப்படவில்லை என்றும், அடிப்படை வசதியும் அவசிய மருந்தும் கிடைத்திருந்தால் வைத்தியசாலையில் நேர்ந்த மரணங்களிற் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தனர். விடையாக வந்தவற்றுள் ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிய எச்சரிக்கையும் இருந்தது. 2011ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கை, மயக்க மருந்தின்றிக் கால்கை துணித்ததையும், அறுவைக் கத்தி இல்லாதபோது இறைச்சி வெட்டும் கத்தி பயன்பட்டதையும், சீலைத்துணி கட்டுத்துணியானதையும், நோயாளியின் உடலிலிருந்து வடிந்த இரத்தத்தையே துணியில் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றியதையும் பதிவு செய்கின்றது. அதே அறிக்கை, தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகப் படையிற் சேர்த்ததையும், வைத்தியசாலைகள் எறிகணைக்கு இலக்கானதையும் ஒருசேரச் சொல்கின்றது.

நேயர்களே, அக்கடிதத்தின் ஒரு வாக்கியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தடுத்திருக்கலாம் என்று ஒரு வைத்தியர் எழுதுகின்றார். தடுக்க முடியாத மரணத்தைக் கண்ட வைத்தியர் அனுதாபம் எழுதுவார். தடுத்திருக்கக்கூடிய மரணத்தைக் கண்டவர் முறைப்பாடு எழுதுவார். மயக்க மருந்து என்பது புதுமையான பொருளன்று. எந்த ஆதார வைத்தியசாலையின் அலுமாரியிலும் இருப்பது. கடல்வழியே சில மணி நேரப் பயணத்தில் அது இருந்தது. இருந்தும் வரவில்லை. ஒரு பிள்ளையின் காலை, அது விழித்திருக்கும்போதே துணிக்கும் கை அந்த வைத்தியருடையது. தடுத்த கை வேறொருவருடையது. ஆனால் பிள்ளை பார்ப்பது எந்தக் கையை?

இங்கேதான் அறநோவின் இயல்பு முழுமையாக வெளிப்படுகின்றது. தவறு செய்தவர் ஒருவர். அது நிகழும் கருவியாகத் தன்னை உணர்பவர் மற்றொருவர். வியற்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்க்குச் சிகிச்சையளித்த ஜொனதன் ஷே என்னும் உளவைத்தியர், 1990களில் இதற்கு நெருங்கிய ஒன்றை அறக்காயம் என்று அழைத்தார். அதிகாரத்திலிருப்போர் அறத்தைக் கைவிடும்போது அவர்களுக்குக் கீழே பணிபுரிந்தவரின் உள்ளத்தில் விழும் காயம் அது. அச்சத்தால் வரும் நோயும் இதுவும் ஒன்றல்ல. அஞ்சியவன் ஆபத்து நீங்கினால் தேறக்கூடும்; இக்காயமுடையவன் ஆபத்து நீங்கிய பின்னரே தன்னை விசாரிக்கத் தொடங்குகின்றான்.

கப்பல் வந்து சேர்ந்த கரையைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலிற் கப்பல்கள் திருகோணமலைக்கே வந்தன. மாவட்டப் பொது வைத்தியசாலையின் விடுதிகள் நிரம்பின. கட்டிலுக்கு இருவரும், கட்டிலின் கீழே பாயிலும் நோயாளர் கிடப்பது நம் நாட்டு வைத்தியசாலைகளுக்குப் பழக்கமானதே எனினும், வந்தவரெல்லாம் அறுவைச் சிகிச்சை வேண்டியவராய் வருவது பழக்கமானதன்று. மார்ச் மாதத்தில் இந்திய அரசாங்கம் வைத்தியரும் துணைப்பணியாளருமாக ஐம்பதிற்கு மேற்பட்டோரை அனுப்பிப் புல்மோட்டையில் ஒரு கள வைத்தியசாலையை நிறுவிற்று. புல்மோட்டை திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. இல்மனைற் மணலுக்குப் பேர்போன ஊர். பின்னர் அவ்வைத்தியசாலை செட்டிகுளத்துக்கு மாற்றப்பட்டது. செப்தெம்பர்வரை இரண்டு இடங்களிலுமாக 50,000இற்கு மேற்பட்டோர்க்குச் சிகிச்சையளித்தது.

இக்கரையிலே மருந்து இருந்தது, கத்தி இருந்தது, மின்விளக்கும் இருந்தது. ஆகவே அறநோவு இல்லையென்று எண்ணலாகாது. அது வேறோர் உருவிலே வந்தது. காயம் ஆறியவரை வீட்டுக்கு அனுப்புவது வைத்தியசாலையின் வழமை. இவர்களுக்கு வீடு இல்லை. சிகிச்சை முடிந்தோர் செல்லவேண்டிய இடம் முட்கம்பி வேலிக்குள் அமைந்த முகாம். 2009 டிசெம்பர் முதலாம் நாள்வரை அங்கிருந்தோர்க்கு வெளியே நடமாடும் உரிமை வழங்கப்படவில்லை. ஒரு தாதியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாயின் முறிந்த கையை இரண்டு வாரம் பார்த்துத் தேற்றியிருக்கிறாள். அத்தாயின் மூத்த பிள்ளை எங்கே என்பது தெரியவில்லை. கணவன் கரையிலேயே நின்றுவிட்டான். இன்று அவளை விடுவிக்கும் சீட்டில் ‘நிலை திருப்திகரம்’ என்று எழுதவேண்டும். கையைப் பொறுத்தவரை அச்சொல் உண்மை. எழுதுகிறாள். எழுதிய பின்னர், தான் எழுதியது உண்மைதானா என்று கேட்டுக்கொள்கிறாள். இதற்கு மருந்து எந்த அலுமாரியில் இருக்கிறது?

மே மாத நடுவில் முள்ளிவாய்க்காலிற் கடைசியாக இயங்கிய தற்காலிக வைத்தியசாலையும் கைவிடப்பட்டது. கப்பல் கடலிற் காத்து நின்றும் கரையை அணுக முடியவில்லை. படுகாயமுற்றோரை விட்டுவிட்டு வைத்தியர் வெளியேறினர். படையினரிடம் சேர்ந்தவுடன் தடுத்து வைக்கப்பட்டனர். ஜூலை 8ஆம் நாள், தடுப்பிலிருந்த ஐவரும் கொழும்பிலே பத்திரிகையாளர் முன்னிலையில் நிறுத்தப்பட்டனர். இறந்தோர் பற்றித் தாம் முன்னர் வெளியிட்ட எண்ணிக்கைகள் மிகைப்பட்டவை என்றும், புலிகளின் வற்புறுத்தலால் அவ்வாறு சொன்னதாகவும் அன்று கூறினர். ஆகஸ்ட் மாதத்தில் அவர்கள் பிணையில் வெளிவந்தனர். வரதராஜா அவர்கள் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்று, அந்த ஜூலை மாத வாக்குமூலம் நெருக்குதலின் கீழ் அளிக்கப்பட்டது என்று வெளிப்படையாகக் கூறினார். சத்தியமூர்த்தி அவர்கள் நாட்டிலேயே நின்று, பின்னர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார். ஒருவர் போனதையும் ஒருவர் நின்றதையும் ஒப்பிட்டு எடைபோட விரும்புவோர் உண்டு. நான் அவ்வேலையை மேற்கொள்ளமாட்டேன். இருவரும் செய்த அறுவைகள் ஒரே மேசையில் நிகழ்ந்தவை.

இங்கே தொழில்முறை ஒழுக்கம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவரிற் பலர் அதனை அடக்கம் என்றும், மேலதிகாரிக்குக் கீழ்ப்படிதல் என்றும், வைத்தியசாலைச் செய்தியை வெளியே பேசாமை என்றும் பொருள்கொள்கின்றனர். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது ஒழுக்கந்தான். ஆனால் நோயாளி எதனால் இறந்தான் என்பது அந்தரங்கம் அன்று. இதற்குத் திருகோணமலையிலேயே ஒரு சான்று உண்டு.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் மாலை, நகரின் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று பாதுகாப்புத் தரப்பினர் முதலிற் கூறினர். அவ்வுடல்கள் பிரேதபரிசோதனைக்கு வந்தன. அந்த வேளையில் நகரம் எத்தகைய அச்சத்திலிருந்தது என்பதை அன்று அங்கிருந்தவர் அறிவர். பரிசோதனை அறிக்கையில், அவர்களின் மரணத்துக்குத் துப்பாக்கிச் சூட்டுக் காயமே காரணம் என்று எழுதப்பட்டது. பிணவறையில் அக்காயங்களைப் படம்பிடித்துப் பத்திரிகையில் வெளிவரச் செய்த செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்த மாணவருள் ஒருவரின் தந்தையாகிய காசிப்பிள்ளை மனோகரன் அவர்களும் ஒரு வைத்தியர். பல ஆண்டுகளாக வெளிநாட்டு மன்றங்களில் நீதி கேட்டு நின்றார். கைதுசெய்யப்பட்ட படையினர் 2019ஆம் ஆண்டு ஜூலையில் போதிய சான்று இல்லையென்று திருகோணமலை நீதவானால் விடுவிக்கப்பட்டனர். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் அவ்விளைஞர் தம் குண்டாலேயே மாண்டனர் என்று இன்று ஒருவரும் சொல்ல முடியாமலிருப்பதற்குக் காரணம் அந்தச் சில வரிகளே. சட்ட வைத்தியக் கலையிற் காயத்தின் வாய் எப்படியிருந்தது என்று எழுதுவது நாளாந்த வேலை. நாளாந்த வேலையை நாளாந்தம் போலவே செய்வது சில நாள்களில் எவ்வளவு கடினம்!

போர் முடிந்தது, அறநோவு முடியவில்லை. 2020ஆம் ஆண்டு கொவிட் கொள்ளைநோய் பரவியபோது, அந்நோயால் இறந்தோர் எல்லாரையும் தகனம் செய்யவேண்டும் என்று ஏப்பிரல் மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. அடக்கம் செய்வதனாற் கெடுதியில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. எனினும் 2021 பெப்ரவரி இறுதிவரை அந்தக் கட்டளை நீங்கவில்லை. கிண்ணியா, மூதூர், புல்மோட்டை எனப் பெருந்தொகையான முஸ்லிம்கள் வாழும் மாவட்டம் இது. மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது அவர்க்குக் கடமை. விஞ்ஞான ஆதாரம் இல்லாத ஒரு கட்டளையைத் துக்கவீட்டார் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியவர் அமைச்சரல்லர். பிணவறை உத்தியோகத்தரும், விடுதி வைத்தியரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் முஸ்லிம் மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கோரிற்று. கட்டளையைக் கையால் நிறைவேற்றிய சிற்றூழியரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

அதன்பின் வந்தது 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி. மார்ச் மாத இறுதியிற் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மயக்கத்திலிருந்து நோயாளியை மீட்கும் நியோஸ்ரிக்மின் முதலிய மருந்துகள் இல்லாமையால், அவசரமல்லாத அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அடுத்த மாதத்தில், பச்சிளங் குழந்தைகளின் சுவாசக் குழாயிற் செலுத்தும் குழல்கள் தீர்ந்துவருவதால், பயன்படுத்தியவற்றைக் கழுவி வைத்துக்கொள்ளுமாறு குழந்தை வைத்தியர்களுக்கு அறிவுறுத்தல் சென்றது. இலங்கை மருத்துவச் சங்கம் சனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில், சில வாரங்களில், ஏன் சில நாள்களிலேயே, அவசர சிகிச்சையும் இயலாமற் போகலாம் என்று எச்சரித்தது. 2009இல் இருவர் எழுதிய கடிதத்தையும் 2022இல் ஒரு சங்கம் எழுதிய கடிதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சொல்லப்பட்ட பொருள் ஏறக்குறைய ஒன்றே. தனித்து நின்ற இருவர்க்கு எச்சரிக்கை வந்தது. சங்கமாக நின்றோர்க்கு உதவி வந்தது. இதில் ஏதோ படிக்கக் கிடக்கிறது.

இத்தகைய நோவு ஒரு தடவையோடு நிற்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர்களான எலிசபெத் எப்ஸ்ரைன், ஆன் ஹாம்றிக் என்னும் இருவரும் 2009இலேயே இதனை விளக்கினர். ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்த பின்னர் உள்ளத்தில் ஒரு வண்டல் தங்குகிறது. அடுத்த நிகழ்ச்சி அவ்வண்டலின்மேல் வந்து படிகிறது. வெளியே பார்ப்போர்க்கு இன்று நடந்தது சிறு விடயம்; அத்தாதியோ அதைச் சொல்லிக் கதறுகிறாள். காரணம், பத்தாண்டு வண்டல். இந்நிலையை அடைந்தோர் செல்லும் வழி மூன்று. சிலர் மரத்துப்போகின்றனர், நோயாளியைக் கட்டில் இலக்கமாகவே பார்க்கத் தொடங்குகின்றனர். சிலர் வெளியேறுகின்றனர், 2022இன் பின்னர் நூற்றுக்கணக்கான வைத்தியர் நாட்டை விட்டுச் சென்றதற்குச் சம்பளம் ஒன்றே காரணம் என்று சொல்வோர் பாதியையே சொல்கின்றனர். மூன்றாமவர் பேசுகின்றனர்.

இக்காலத்தில் நிர்வாகங்கள் விரும்பி அளிக்கும் மருந்து மனவுறுதிப் பயிற்சி. மூச்சை இழுத்து விடுக, தியானம் செய்க, நேர்மறையாக எண்ணுக என்று வகுப்பு வைக்கின்றனர். அவை தீயவையல்ல. ஆனால் மருந்து அலுமாரி வெறுமையாயிருக்கையில், அதனைப் பார்த்து நொந்தவளின் மூச்சைத் திருத்துவது எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது. நோவு உடம்பிற் பழுது உண்டென்று அறிவிக்கும் மணி அன்றோ? மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் வீடு தீப்பற்றாதா?

பேசுதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே முதற்றேவை. பொஸ்ரன் நகரில், புற்றுநோயால் இறந்த கெனத் சுவாற்ஸ் என்னும் சட்டவறிஞரின் பெயரால் 1990களில் தொடங்கப்பட்ட ஒரு வழக்கம் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. மாதம் ஒரு தடவை, விசேட வைத்திய நிபுணர் முதல் நோயாளரைத் தள்ளிச்செல்லும் சிற்றூழியர்வரை ஒரே அறையில் அமர்ந்து, ஒரு நோயாளியைப் பற்றித் தம் மனத்தில் நின்றதைச் சொல்கின்றனர். நோயைப் பற்றியன்று, தமக்கு நேர்ந்ததைப் பற்றி. நம் நாட்டு விடுதிகளிலே நிபுணர் சுற்றிவரும்போது தாதி வாய் திறப்பதே அரிது; சிற்றூழியர் சுவரோடு ஒட்டி நிற்பார். ஆகவே இவ்வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து நட்டால் வேர் பிடிக்குமோ என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் விடுதிப் பொறுப்புத் தாதி தன் கடமைமாற்ற வேளையிற் பத்து நிமிடம் ஒதுக்குவதற்குப் பொஸ்ரனைக் கேட்கவேண்டியதில்லை.

இரண்டாவது எழுத்து. நோயாளியின் கட்டிற் சீட்டில், மருந்து கொடுக்காத வேளைக்கு நேரே ‘கொடுக்கப்படவில்லை’ என்று எழுதுவது வழக்கம். ஐந்தாண்டு கழித்து அதனை ஒருவர் எடுத்துப் பார்த்தால், அந்த இரவில் அத்தாதி உறங்கிவிட்டாள் என்றே நினைப்பார். ‘இருப்பில் இல்லை, இத்தனை மணிக்கு இன்னாருக்கு அறிவிக்கப்பட்டது’ என்று எழுத அரை நிமிடம் கூடுதலாகச் செல்லும். நடந்தது நடந்தபடி எழுதப்படுகிறது. மருந்து வராததற்கு யார் பதில் சொல்லவேண்டும் என்பதும் அத்தாளிலேயே நிற்கிறது. அவள் பேனையை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம்.